ஏழாம் பெட்டியின் எடை

இரவு இரண்டே கால் மணி. மேடவாக்கத்திலிருந்து சந்தோஷபுரம் வழியாகக் கிழக்குத் தாம்பரம் போகிற ரோடு. பகலில் அதில் ஒரு சைக்கிள் நுழைய இடம் இருக்காது. அந்த நேரத்தில்... நாய்கூட இல்லை. ஒருவன் மட்டும் நடந்து வருகிறான். அவசரம் இல்லை. எங்கும் நிற்பதும் இல்லை. மணிக்கு நாலு கிலோமீட்டர், ஒரே சீராக.

ரோட்டில் போய் நின்று பார்த்தால் யாரும் இல்லை. போனில் பார்த்தால்தான் தெரிகிறான்... ஒரு நீலப் புள்ளியாக.

இப்படித்தான் பிரசன்னா எனக்குச் சொல்ல ஆரம்பித்தான். என் இன்வெர்ட்டர் கடையில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறானே, அவன்தான். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும், உடனே மாட்டிக்கொள்வான். அன்று சிவக்கவில்லை. இது அவனுடைய அக்கா வீட்டுக்காரர் முகிலனுக்கு நடந்தது.

நாற்காலியை இன்னும் கிட்டே போட்டுக்கொள்ளுங்கள். என்னால் சத்தமாகச் சொல்ல முடியாது. ஞானாம்பாள் மாமி இப்போதுதான் கண் அசந்திருக்கிறார். பெண் விஷ்ணுப்ரியா அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள், விடிந்து ஏழு மணிக்கு முன்னால் இந்த மாடம்பாக்கம் வந்து சேர வாய்ப்பில்லை. அதுவரை மாமியின் வீட்டுக்காரர் ராஜகோபாலன் சார் ஐஸ் பெட்டியில் இருப்பார், நாம் இங்கே அவருக்குத் துணை இருப்போம். தூங்காமல் இருக்க ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டது நீங்கள்தான். பிறகு என்னைத் திட்டக் கூடாது.

பத்ரி, தோளைத் தேய்த்தது போதும்.

"இல்லண்ணா, ரொம்ப கனம். எங்க பெரியப்பாவுக்கு வந்த பெட்டிய நாலு பேரே இறக்கிட்டோம். இன்னிக்கு ஆறு பேர் புடிச்சும் தோள் கழண்டுடுச்சு."

சரி. டீயைக் குடி. உள்ளே போனால் கால்மாட்டில் நான் போட்ட மாலையை நகர்த்தாதே. இப்போது கேள்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி ஏசுபாதம் என்பவருக்கு ஒரு தகரக் கொட்டகை. அதில் பதினோரு ஐஸ் பெட்டிகள். பிள்ளைகள் வந்து சேரும்வரை இறந்தவர்களை வைத்திருக்க வாடகைக்குத் தருகிற கண்ணாடிப் பெட்டிகள்... உள்ளே சார் படுத்திருக்கிறாரே, அதே மாதிரி. ஏசுபாதத்துக்கு ஒரே தலைவலி. எந்தப் பெட்டி எந்த வீட்டில் இருக்கிறது, காலியா இல்லையா, அடுத்த வீட்டுக்கு அனுப்பலாமா என்று தெரியாது. போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். சாவு வீட்டுக்குப் போன் போட்டு "எடுத்தாச்சா?" என்று எந்த வாயால் கேட்பது? ஒரு தடவை கேட்டுவிட்டு வாங்கிய வசவு இன்னும் அவர் காதில் இருக்கிறதாம்.

லாரி, ஜெனரேட்டர், ஆக்சிஜன் சிலிண்டர்... எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று அந்த நிமிடமே போனில் காட்டுகிற சென்சார்களைப் பொருத்துவது முகிலனின் தொழில். செம்பாக்கத்தில் வீடு. மனைவி தமிழினி, பிரசன்னாவின் அக்கா. கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துத் தங்கிய கர்ப்பம், எட்டாம் மாதம். அந்தக் குழந்தைக்காக அவர்கள் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. குன்றத்தூர் மலைக் கோயில் படியை முட்டி போட்டு ஏறியவன் முகிலன். அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. வேறு எதுவும் அவன் கேட்கவில்லை.

ஏசுபாதத்தின் பெட்டிகளுக்கு அவன் பொருத்தியது உள்ளங்கை அளவு டப்பா. பெட்டிக்கு அடியில் ஒட்டிவிட்டால் நாலு விஷயம் சொல்லும். பெட்டி எங்கே இருக்கிறது. உள்ளே எவ்வளவு குளிர். மூடி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா. நாலாவதுதான் ஏசுபாதம் ஒற்றைக் காலில் நின்று கேட்டது. தட்டின் மேல் எடை இருக்கிறதா? எடை இருந்தால் ஆள் இருக்கிறார். பூஜ்யம் என்றால் எடுத்தாயிற்று, வண்டியை அனுப்பலாம். யாரிடமும் கேட்டு வசவு வாங்க வேண்டாம்.

எடை பார்க்கிற சென்சாருக்கு முதலில் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். காலித் தட்டை வைத்து 'இதுதான் பூஜ்யம்' என்று ஒரு பட்டனை அழுத்த வேண்டும். பிறகு தெரிந்த எடை ஒன்றை ஏற்றி 'இது இத்தனை கிலோ' என்று சொல்ல வேண்டும். மளிகைக் கடைத் தராசுக்கும் இதே கதைதான். முகிலன் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டைக் கொண்டுபோயிருந்தான்.

முதல் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு எலுமிச்சம்பழம். இரண்டாவதிலும். எல்லாவற்றிலும். வண்டி ஓட்டுகிற தனசிங்கின் வழக்கம் அது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்தான். எலுமிச்சம்பழத்தை மட்டும் விட மாட்டான்.

"இன்னா சார், பழத்த எடுத்துட்ட?" என்றான். "பெட்டிய காலியா மூடக் கூடாது சார். ஒண்ணுமே இல்லாம மூடுனா அது ஆள் தேடும்."

"இது அறுபது கிராம் இருக்குண்ணா. இத வச்சிகிட்டு பூஜ்யம் செட் பண்ணா தப்பாயிடும். முடிச்சதும் திருப்பி வச்சுடறேன்," என்றான் முகிலன்.

சொன்னபடியே ஆறு பெட்டிகளிலும் திருப்பி வைத்தான். ஏழாவது பெட்டிக்கு வந்தபோது ஒரு மூட்டை தையல் விட்டுக் கொட்டகை முழுக்க அரிசி. சாயங்காலம் ஐந்து மணி. ஆறு மணிக்குச் சேலையூரில் தமிழினிக்கு ஸ்கேன். அவள் இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். மற்றவற்றை நாளைக்குப் பார்க்கலாம், கையில் எடுத்த இதை மட்டும் முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தான். பையில் ஒரு சின்ன எடை மெஷின் இருந்தது. ஏறி நின்றான். அறுபத்து நாலு கிலோ இருநூறு.

தெரிந்த எடைதானே... செருப்பைக் கழற்றிவிட்டு ஏழாம் பெட்டிக்குள் படுத்தான்.

"வேணாம் சார். உசுரோட கீறவன் படுக்கற எடமா அது?" என்று தனசிங் கத்தினான். மூடியைத் தொடவே மாட்டேன் என்று தள்ளிப் போய்விட்டான். மூடி சென்சாரையும் சரிபார்க்க வேண்டும் என்று முகிலனே உள்ளேயிருந்து கண்ணாடியை இழுத்து மூடினான். ஒரு நிமிடம். ரப்பர் ஒட்டிக்கொண்டதும் வெளிச் சத்தம் எல்லாம் நின்றுபோனதாம். வாடின ரோஜாப்பூ வாசனை, அதற்கு அடியில் பினாயில். முதுகில் ஜில்லென்ற தகடு. சட்டைப் பையில் மறுபடியும் போன் அடித்தது, தமிழினி. அந்த ஒரு நிமிடமும் தன் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான் என்று பிறகு பிரசன்னாவிடம் சொன்னான். 'வீட்டுக்குப் போகணும்... வீட்டுக்குப் போகணும்.'

எழுந்து வெளியே வந்து லேப்டாப்பைப் பார்த்தான். 64.2 என்று சரியாக இருந்தது. ஆனால் அவன் வெளியே வந்த பிறகும் 64.2 என்றே இருந்தது. தட்டைத் தட்டினான், துடைத்தான், ஆட்டினான். பெட்டியில் யாரும் இல்லை... எடை மட்டும் இறங்கவில்லை.

நீங்களும் நானும் என்றால் அந்த நிமிடமே ஓடியிருப்போம். அவன் தொழில்காரன். சில சமயம் சென்சார் இப்படி ஒட்டிக்கொள்ளும், அதற்கு என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். 'இதுதான் பூஜ்யம்' பட்டனை அழுத்தினான். 0.0 ஆனது. தனசிங் எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றான். "இப்பத்தான் பூஜ்யம் வந்திருக்கு, எதையும் வைக்காதீங்கண்ணா, காலையில வைக்கலாம்," என்று சொல்லி, காலிப் பெட்டியை மூடிவிட்டு பைக்கை எடுத்தான்.

ஸ்கேனில் குழந்தை நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் கவனித்தான். பையில் வைத்திருந்த உபரி சென்சார் ஒன்றைக் காணவில்லை. தீப்பெட்டி அளவு, பன்னிரண்டாம் நம்பர், இருக்கிற இடத்தை மட்டும் சொல்லும். பெட்டியில் படுத்தபோது விழுந்திருக்கும் என்று போனில் பார்த்தான். ஆமாம், நீலப் புள்ளி கொட்டகையில்தான் இருந்தது.

அன்று இரவு ஒன்றே கால் மணிக்குப் போன் 'டிங்' என்றது. ஏழாம் பெட்டி, மூடி திறந்தது.

எடை... மைனஸ் 64.2.

மைனஸ் எப்போது வரும் தெரியுமா? 'இதுதான் பூஜ்யம்' என்று சொன்ன நேரத்தில் தட்டின் மேல் ஏதோ ஒன்று இருந்து, பிறகு அது இறங்கிப் போனால்தான் வரும்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டாம் நம்பர் புள்ளி கொட்டகையை விட்டு வெளியே வந்தது. ரோட்டில் ஏறியது. நடந்தது. மேடவாக்கம் கூட்டு ரோடு வரை வந்து, வழி தெரியாதவன் மாதிரி நின்றது. ஐந்து மணிக்கு ஒரே நொடியில் கொட்டகைக்குள் போய்விட்டது. எடை பூஜ்யம். மூடி மூடியிருந்தது.

காலையில் முதல் ஆளாய் அங்கே போய் நின்றான். பூட்டு போட்டபடி இருந்தது. தட்டையே கழற்றிப் பார்த்துவிட்டான், அந்தத் தீப்பெட்டி அளவு சென்சார் இல்லை. சிக்னல் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புது மூட்டையோடு மற்ற பெட்டிகளை முடித்தான். ஏழாம் பெட்டியில் எலுமிச்சம்பழத்தையும் வைத்தான். ஒரு ராத்திரி தாமதமாக.

இரண்டாம் நாள் இரவு புள்ளி சந்தோஷபுரம் தாண்டியது. மூன்றாம் நாள் கௌரிவாக்கம்.

தமிழினியிடம் டாக்டர் ஒரு அட்டை கொடுத்திருந்தார். ராத்திரி சாப்பிட்டுப் படுத்ததிலிருந்து விடியும்வரை குழந்தை எத்தனை தடவை அசைகிறது என்று முழிப்பு வரும்போதெல்லாம் கோடு போட வேண்டும். எப்போதும் பன்னிரண்டு, பதிமூன்று கோடு இருக்கும். புள்ளி மேடவாக்கம் வந்த அன்று எட்டு. சந்தோஷபுரம் வந்த அன்று ஆறு. கௌரிவாக்கம் வந்த அன்று நாலு. பகலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினால் குழந்தை துள்ளி விளையாடுகிறது. டாக்டர் சிரிக்கிறார். ராத்திரியானால் கோடு குறைகிறது. அந்த அட்டையை முகிலன் பிற்பாடு படம் எடுத்து பிரசன்னாவுக்கு அனுப்பினான். நானும் பார்த்தேன்.

நாலாம் நாள் இரவு புள்ளி அவர்கள் தெருவுக்குள் வந்தது. முகிலன் சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் வீட்டு கேட்டில் வந்து நின்றது. எட்டிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

காலையில் தமிழினி சாதாரணமாகக் கேட்டாள். "நேத்து நைட்டு கேட்டுகிட்ட எதுக்குங்க நின்னுட்டு இருந்தீங்க? ஜன்னல்லேர்ந்து கூப்பிட்டேன், அப்படியே வீட்டையே பாத்துகிட்டு நிக்கறீங்க."

அட்டையில் அன்று இரண்டு கோடு.

அதன் பிறகுதான் முகிலன் எல்லாவற்றையும் பிரசன்னாவிடம் சொன்னான். தன் ஆப்பின் பாஸ்வேர்டையும் கொடுத்தான். அன்று இரவே கொட்டகைக்குப் போவதாக முடிவு. தனசிங் சாவியையும் நாலு எலுமிச்சம்பழத்தையும் கொடுத்தான், கூட வர மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். "அந்த எடத்த ரொப்பிடு சார். ரொப்பிட்டா அதுக்கு வெளிய வேலை இல்ல," என்றானாம்.

பிரசன்னா குன்றத்தூரில் தன் வீட்டில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்று ஐந்துக்கு முகிலன் கூப்பிட்டான். கொட்டகைக்குள் ஏழாம் பெட்டிக்கு எதிரே நிற்கிறேன், பிளக்கைக்கூடச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டேன் என்றான். தவளைச் சத்தம் போனிலேயே கேட்டது. ஒன்றே கால் ஆனதும் தவளைகள் நின்றன. 'ப்ப்ப்' என்று ஒரு சத்தம்... ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் மெதுவாகப் பிரிகிற சத்தம்.

"மச்சான்... மூடி தானா தூக்குது. உள்ள யாரும் இல்ல. ஆனா... ஆனா என்னைத் தாண்டிப் போகுது. ரோஜாப்பூ வாசனை வருது மச்சான்."

பிரசன்னாவின் போனில் மைனஸ் 64.2. புள்ளி ரோட்டில் ஏறியது.

முகிலன் அரிசி மூட்டையை ஏற்றினான். எண் அசையவில்லை. இரண்டாவதையும் ஏற்றினான். ஐம்பது கிலோ ஏறியும் மைனஸ் 64.2. நாலு எலுமிச்சம்பழத்தையும் வைத்தான். ம்ஹூம். பூஜ்யத்தை மாற்றி அமைக்கப் பார்த்தான். ஆப் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னது. 'எடுத்த எடையை முதலில் திரும்ப வைக்கவும்.' இரண்டு மணி நேரம் அந்த லேப்டாப்போடு போராடினான்.

"விட்டுட்டு வீட்டுக்குப் போங்க மாமா, அக்கா தனியா இருக்கா," என்று பிரசன்னா கெஞ்சினான்.

"போய்? கண்ணுக்கே தெரியாதத எங்க நின்னு மறிப்பேன்? தப்பு நடந்தது இங்க. இங்கதான் சரி பண்ண முடியும்."

மூன்றே காலுக்குப் புள்ளி கேட்டைத் தாண்டியது. வீட்டுக்குள் போனது. முகிலன் அதே அழைப்பில் தமிழினியையும் சேர்த்தான். ஐந்தாறு தடவை மணி அடித்த பிறகு தூக்கக் கலக்கத்தில் எடுத்தாள்.

"பக்கத்துலயே உக்காந்துகிட்டு எதுக்குங்க போன் பண்றீங்க?"

இவர்கள் பேசுவதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"கையக் கொஞ்சம் எடுங்களேன்... வயித்து மேல ஐஸ் வச்ச மாதிரி இருக்கு. பாப்பா அசையவே மாட்டேங்குதுங்க. இன்னிக்கு ஒரு கோடுகூட போடல. எனக்கு பயமா இருக்கு..." என்று அழ ஆரம்பித்தாள்.

முகிலன் ரொம்ப மெதுவாகப் பேசினான். "அரிசியெல்லாம் ஏறாது மச்சான். அது கேக்கற எடை என்கிட்டதான் இருக்கு. அக்காவப் பாத்துக்கோ."

அரிசி மூட்டைகள் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றுகிற சத்தம். பிறகு ரப்பர் ஒட்டிக்கொள்கிற சத்தம். பிரசன்னா கத்தினான். அந்தப் பக்கம் தவளைகள் மட்டும் மறுபடியும் கத்த ஆரம்பித்திருந்தன.

ஆப்பில் ஏழாம் பெட்டி... மூடி மூடியது. எடை 0.0. ஒரு ஆள் முழுசாகப் படுத்திருக்கிறான், 'காலி' என்று காட்டுகிறது. அவனே அழுத்திய பூஜ்யம் அது. உள்ளே குளிர் இருபத்தாறு டிகிரி... பத்தொன்பது... பதினொன்று... நாலு. பிளக் சுவரில் இல்லை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே நேரம் போனில் தமிழினியின் குரல், அழுகையும் சிரிப்புமாக. "உதைக்குது! ஏங்க, உதைக்குதுங்க! இங்க பாருங்க, இங்க..."

பிரசன்னா பைக்கை எடுத்தான். ஒரு பக்கம் பள்ளிக்கரணை, ஒரு பக்கம் செம்பாக்கம். யாரிடம் முதலில் போவது? அக்காவிடம் போனான். அவன் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். இதை அவனிடம் நூறு தடவை சொல்லிவிட்டேன், அவனால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நாலு மணிக்கு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினான். திறந்தது முகிலன்.

"வா மச்சான்," என்று கையைப் பிடித்தான். அந்தக் கையின் குளிர் பிரசன்னாவின் முழங்கை வரை ஏறியது. வேட்டி சட்டையெல்லாம் சுத்தம். பாதம் இரண்டிலும் மட்டும் கணுக்கால் வரை கறுப்புச் சேறு, சதுப்பு நிலத்துச் சேறு.

"மாமா... பைக் எங்க?"

"நடந்து வந்தேன்."

ஐந்து மணிக்குத் தனசிங் போன் செய்தான். கொட்டகைக்கு வெளியே முகிலனின் பைக். உள்ளே அவனுடைய போன், லேப்டாப், பெட்டிக்குக் கீழே ஜோடியாகச் செருப்பு. மூடியைத் திறந்து பார்த்தானாம். யாரும் இல்லை. தட்டின் நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் கல் மாதிரி உறைந்து கிடந்தது. பெட்டி பூஜ்யம் காட்டியது. காலியாகத்தானே இருக்கிறது, சரியாகத்தான் காட்டுகிறது என்று ஏசுபாதம் சந்தோஷமாகிவிட்டார். அந்த மைனஸ் கணக்கு அவருக்குத் தெரியாது.

குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை, நல்ல ஆரோக்கியம். அந்த வீட்டில் இருக்கிறவனைப் பற்றித் தமிழினிக்கு ஒரு குறையும் இல்லை. முன்பெல்லாம் வேலை வேலை என்று ராத்திரி பத்து மணிக்கு வருவானாம், இப்போது ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கிறான். வீட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை. குழந்தையைத் தூக்கும்போது மட்டும் கையில் துண்டைச் சுற்றிக்கொள்கிறான், குழந்தைக்குக் குளிருமாம். பிரசன்னாவின் போனில் பன்னிரண்டாம் நம்பர் புள்ளி காலை ஒன்பதுக்குச் செம்பாக்கத்திலிருந்து கிளம்புகிறது. ஆறு மணிக்குத் திரும்பி வருகிறது. கொட்டகைக்கு அது அப்புறம் போகவே இல்லை.

அக்காவிடம் என்னவென்று சொல்வான்? கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். இவன் அங்கே போவதைக் குறைத்துக்கொண்டான். என் கடையில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும்போது திடீரென்று அழுவான். நான் கேட்பதில்லை.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் தனசிங்கைப் பார்த்திருக்கிறான். ஏழாம் பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறான்.

"ஆப்புல ஜீரோன்னுதான் சார் காட்டுது. நல்லாத்தான் கீது, டெய்லி வெளிய போய்கினுதான் கீது," என்றானாம் தனசிங். பிறகு குரலைத் தாழ்த்தினானாம். "மத்த பெட்டிய எறக்க நாலு பேர் போதும் சார். ஏழாம் நம்பருக்கு மட்டும் ஆறு பேர் வேணும்னு சொல்லி அனுப்பறோம். எதுக்குன்னு எவனும் கேக்கறதில்ல. சாவு வூட்டுல யார் சார் தலைய எண்ணிகினு இருக்கப் போறாங்க?"

...

பத்ரி, டீ ஆறிப்போகிறது.

"அண்ணா..." பத்ரியின் கை தோளிலேயே நின்றுவிட்டது. "நம்ம பெட்டி... என்ன நம்பர்?"

நம்பர் கால்மாட்டில் எழுதியிருக்கும். சாயங்காலம் இறக்கியதுமே பார்த்துவிட்டேன். மாமி கண்ணில் பட வேண்டாம் என்றுதான் அதன் மேல் மாலையைப் போட்டேன். விஷ்ணுப்ரியா வருவதற்குள் வேறு பெட்டி மாற்றலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன்... பிறகு விட்டுவிட்டேன். நாற்பது வருடம் வாத்தியாராக இருந்த மனிதர், தனியாக மாட்டிக்கொண்ட பையன் எவனையும் அவர் விட்டுவிட்டுப் போனதில்லை. காலையில் சாரை எடுத்ததும் மூடுவதற்கு முன்னால் உள்ளே வைக்க எலுமிச்சம்பழம் என் பையில் இருக்கிறது. அதுவரை உட்காருங்கள். சாருக்குத் துணை இருக்கத்தான் வந்தோம்.

ஆனால் சார் அங்கே தனியாக இல்லை.